செய்யாததுக்கு மன்னாப்பு

கணக்கைத் திறக்க முடியாது என்று கொம்பியூட்டர் சொன்னபோது ஷியாம் முதலில் தன் கையைத்தான் சந்தேகப்பட்டான். இரவு முழுக்க பெக்டரியில் ரோலருக்குக் கொழுந்து அள்ளிப் போட்ட கை. விரலிடுக்கெல்லாம் தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்துக் கிடந்தது. தூக்கக் கலக்கத்தில் பாஸ்வேர்டைப் பிழையாக அடித்துவிட்டோம் என்று மறுபடி அடித்தான். அதே சிவப்புப் பட்டை வந்தது. அடுத்த தரம், பாலர் வகுப்புப் பிள்ளை எழுத்துக் கூட்டுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் குத்தினான். பட்டை அசையவில்லை.

போனில் ஒரு மெயில் வந்து கிடந்தது. இங்கிலீஷ். பாதி விளங்கியது. விளங்கிய பாதியும் நல்லதாக இல்லை.

"ரொஷானி, இங்க கொஞ்சம் வா."

தங்கச்சி தலையில் சீப்போடு வந்தாள். தோட்டத்துப் பாலர் பாடசாலையில் அவள் டீச்சர். வீட்டில் இங்கிலீஷ் எழுதுவதும் வாசிப்பதும் அவள் தலையில்தான் விழும். போனை வாங்கி வாசித்தாள். வாசிக்க வாசிக்கச் சீப்பு நின்றுவிட்டது.

"நீ ஏதோ கள்ள சாமான் போட்டு விளையாடியிருக்கியாம். ஏமாத்தி ஜெயிக்கிறதுக்கு. அதனால கணக்க மூடிட்டாங்களாம்."

"எத்தன நாளைக்கு?"

"நாள் இல்ல அண்ணே. ஒரேயடியா."

"கேமெல்லாம்?"

"அதுவும் சேர்த்துத்தான். இனி அத ஒன்னும் தொடக்கூடாதாம்."

ஷியாம் எழுந்தான். உட்கார்ந்தான். வாசலுக்குப் போய் வெளியே பார்த்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி கொம்பியூட்டரின் முன்னால் நின்றான். ஆள் இல்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறவன் மாதிரி இருந்தது அவன் நின்ற நிலை.

எல்கடுவப் பக்கத்து அந்தத் தேயிலைத் தோட்டத்தில் கேம் விளையாடாத பொடியன் கிடையாது. ஆனால் காசு கொடுத்து வாங்கி விளையாடுகிறவன் ஷியாம் ஒருவன்தான். மற்றவர்கள் மாத்தளை டவுனுக்குப் போய் பென்டிரைவில் ஓசியாக ஏற்றிக்கொண்டு வருவார்கள். ஷியாம் பெக்டரியில் வேலைக்குச் சேர்ந்த முதல் சம்பளத்திலிருந்து, டவுனில் ஸுஹைல் நானாவின் கொம்பியூட்டர் கடைக்குப் போய், நம்பர் போட்ட அட்டை வாங்கி, அதை கேம் விற்கிற கம்பனியின் கணக்கில் ஏற்றி, ஒவ்வொரு கேமாக வாங்கிச் சேர்த்தான். பந்து விளையாடுகிறது, துவக்கால் சுடுகிற சண்டை, ரயில் பாதை போடுகிறது, எல்லாவற்றுக்கும் மேலே லொறி ஓட்டுகிறது. அந்த லொறி கேமில் அவனுக்கு ஒரு கம்பனியே இருந்தது. பனி கொட்டுகிற நாட்டிலிருந்து வெயில் காய்கிற நாடு வரைக்கும் அவன் லொறிகள் சாமான் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தன.

"உனக்கு என்னா பைத்தியமா, ஓசில கிடைக்கிறத காசு குடுத்து வாங்குற?" என்று லயத்து வரிசை வீடுகளில் கேட்காதவன் இல்லை.

"இது என்னோடது," என்பான் ஷியாம். அதற்கு மேல் விளக்கம் சொல்ல அவனுக்கு வராது.

குடியிருக்கிற லயக் காம்பரா தோட்டக் கம்பனியுடையது. பின்பக்கம் அம்மா போஞ்சி போட்டிருக்கிற பாத்தி கம்பனி மண். கூரைத் தகரத்தை மாற்றுவதற்கும் ஆபீசில் போய் நிற்க வேண்டும். கொம்பியூட்டர்ப் பெட்டியே பழைய சாமான்களைக் கோத்துக் கட்டியதுதான். போன மாசம் மின்னல் இறங்கி உள்ளிருந்த போர்டு எரிந்துபோக, ஸுஹைல் நானாவிடம்தான் பழைய போர்டு ஒன்று வாங்கிப் போட்டிருந்தான். ஆனால் அந்தக் கேம்கள் பழசு இல்லை, யாரும் கொடுத்ததும் இல்லை. திரையில் அவன் பேருக்குக் கீழே வரிசையாக நிற்கும். சில நாள் ஒன்றும் விளையாடாமல் அந்த வரிசையை மட்டும் பார்த்துவிட்டுப் படுப்பான்.

மருந்தடிக்கிற வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த சிறில், மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"என்னடா, செத்த வீடு மாதிரி நிக்கிற?"

ரொஷானிதான் சொன்னாள். சிறில் பாதியிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஓ. பேரு வெட்டிட்டாங்க."

தோட்டத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வேலையாட்களின் பேர் எழுதுகிற செக்ரோலில் ஒரு ஆளின் பேரை அடித்துவிட்டால் அவனுக்கு வேலை இல்லை. காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்குப் போனாலும் கணக்கப்பிள்ளை அவன் முகத்தைப் பார்க்க மாட்டார். இருக்கிற காம்பராவும் எத்தனை நாளைக்கென்று தெரியாது. சிறிலின் பேரும் ஒரு காலத்தில் வெட்டப்பட்டிருந்தது. ஷியாம் கைக்குழந்தையாக இருந்த நேரம். ஸ்டோரில் ஒரு மூட்டை உரம் காணாமல் போனது. சிறில் எடுக்கவில்லை. ஆனால் அன்றைக்கு ஸ்டோர்ப் பக்கம் போனவர்களில் அவரும் ஒருத்தர். தொழிற்சங்கத் தலைவர் வந்து, "சண்டை பிடிச்சா கோட்டு கேசுன்னு இழுக்கும். துரை முன்னால போய் மன்னாப்பு கேட்டுரு," என்றார். சிறில் ஆபீஸ் வராந்தாவுக்குக் கீழே தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். தோட்டத்தை நடத்துகிற துரை காரிலிருந்து இறங்கியதும், "ஐயா, புத்தியில்லாம செஞ்சிட்டேன், மன்னிக்கணும்" என்றார். அந்தக் கிழமையே பேர் திரும்ப ஏறியது. இந்தக் கதையை சிறில் கல்யாண வீட்டில் சொல்வார், செத்த வீட்டில் சொல்வார், தான் ஜெயித்த கதையாகத்தான் சொல்வார்.

"மன்னாப்பு கேட்டு ஒரு காயிதம் போடு," என்றார் இப்போது. "முடிஞ்சிரும்."

"நான் ஒன்னும் செய்யலயேப்பா."

"செஞ்சியா செய்யலயான்னு யாரு கேட்டா? மேல உள்ளவனுக்குக் கோவம். அவன் கோவம் எறங்கணும். அவ்வளவுதான் விஷயம்."

"மெயில்ல ஒன்னு போட்டிருக்கு," என்றாள் ரொஷானி. "பிழையா மூடியிருந்தா காரணத்த எழுதுங்கன்னு."

"காரணம் எழுதினா வாக்குவாதம். துரைமாருக்கு வாக்குவாதம் புடிக்காது."

"அங்க துரை இல்லப்பா. கம்பனி."

"கம்பனிக்கு ஒரு துரை இல்லாமலா போவும்?"

சிறில் எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் சொல்லச் சொல்ல ரொஷானி இங்கிலீஷில் அடித்தாள். மதிப்புக்குரிய ஐயா. நான் செய்த பிழைக்கு மிகவும் வருந்துகிறேன்.

அவள் நிறுத்தினாள். "எந்தப் பிழைன்னு எழுத?"

"பிழைன்னு மட்டும் போடு. எதுன்னு அவங்களுக்குத் தெரியும்."

இனிமேல் ஒருநாளும் செய்ய மாட்டேன். நான் ஒரு ஏழைத் தொழிலாளி. தயவு செய்து என் கணக்கைத் திருப்பித் தாருங்கள்.

ஷியாமுக்கு அந்த வரிகள் ஒத்துவரவில்லை. ஆனால் தூக்கமில்லாத கண், அப்பாவின் உறுதியான குரல், திரையில் அந்தச் சிவப்புப் பட்டை. அவன் விரலே போய் அனுப்பு என்ற இடத்தில் அழுத்தியது.

"பாரு, ரெண்டு மூனு நாள்ல வந்துரும்," என்று சொல்லிவிட்டு சிறில் தாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறினார்.

வரவில்லை.

ஷியாமுக்குப் பகலில் தூக்கம் போனது. கண்ணை மூடினால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போனைப் பார்ப்பான். போனில் ஒன்றும் இல்லாவிட்டால் பெட்டியை முடுக்கிச் சிவப்புப் பட்டை இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பான். இருக்கும். அணைப்பான். பீலிக்குப் போய் முகம் கழுவுவான். கழுவிய கோப்பையைத் திரும்பக் கழுவுவான். மார்ஜரி கொழுந்து மலையிலிருந்து பகல் சோற்றுக்கு வந்தவள், மகன் வாசலுக்கும் அடுப்பங்கரைக்கும் நடந்துகொண்டிருப்பதைப் பார்த்து, "இப்படி நடந்தா ரெண்டு தரம் கண்டிக்குப் போய் வந்திருக்கலாம்," என்றாள்.

பெக்டரியில் ரோலர் பக்கத்தில் போன் வைத்திருக்கக் கூடாது. ஷியாம் காரணமில்லாமல் கக்கூசுக்குப் போய்ப் போய் பார்த்துவிட்டு வந்தான். கூட வேலை செய்கிற ஜெயக்காந்தன் கவனித்துக்கொண்டுதான் இருந்தான்.

"வயிறு சரியில்லயா, வழக்கு சரியில்லயா?"

"வேலயப் பாரு."

"வேலயத்தான் பாக்குறேன். ஒன் ரோலருக்கும் சேர்த்து நான்தானே அள்ளிப் போடுறேன்." ஜெயக்காந்தன் கூடையைத் தட்டிக் கவிழ்த்தான். "மச்சான், ஒன்னு கேக்குறேன் கோவிக்காத. நான் ஓசில ஏத்துன லொறி இன்னைக்கும் ஓடுது. நீ காசு குடுத்து வாங்குன லொறிய பூட்டிப்புட்டாங்க. இதுல யாரு கள்ளன்?"

ஷியாம் அடுத்த கூடையை எடுக்கக் குனிந்தான்.

"விளையாடணும்னு நமைச்சலா இருந்தா நம்ம வீட்டுக்கு வா. எல்லாம் ஒழுங்காத்தான் ஓடும். ஹோர்ன் மட்டும் அடிக்காது. அதுக்கென்னா, வாயால அடிச்சுக்கலாம்."

போகக்கூடாது என்றுதான் நினைத்தான். ஷிப்ட் முடிந்ததும் போனான். ஜெயக்காந்தனின் கொம்பியூட்டரில் லொறி ஓடியது. ஆனால் அது ஒரே ஒரு லொறி, பெயர் இல்லாத டிரைவர், காலியான ஒரு கொட்டில். ஷியாம் ரோடு வளைகிற ஒரு முடக்கு வரைக்கும் ஓட்டிவிட்டு எழுந்தான்.

"என்னா, பிடிக்கலயா?"

"என்னோடது இது இல்ல."

"எல்லா லொறியும் லொறிதான்டா."

"ஒனக்கு வெளங்காது."

ஜெயக்காந்தன் கொம்பியூட்டரை அணைத்தான். பிறகு கேலியை விட்டுவிட்டுக் கேட்டான். "உண்மைய சொல்லு. நீ ஒன்னும் போடலயா?"

"இல்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா" என்று சொல்ல வாயெடுத்தவனுக்கு வார்த்தை சட்டென்று வரவில்லை. அதுதான் அவனைப் பயங்காட்டியது. மன்னாப்பு எழுதி அனுப்பிய நாளிலிருந்து, ஏதோ செய்திருப்போமோ என்ற ஒரு அரிப்பு. எங்கேயாவது பிழையான பட்டனை அமுக்கியிருப்போமோ. தூக்கத்தில் எதையாவது இறக்கியிருப்போமோ. செய்யாதவன் இப்படி யோசிப்பானா?

"பெட்டிக்குள்ள வைரஸ் ஏதும் புகுந்திருக்கும்," என்றான் ஜெயக்காந்தன். "யாருகிட்டயாச்சும் காட்டு."

ஓய்வு நாளில் ஷியாம் பெட்டியை மழைப்படங்கில் சுற்றிக் கட்டி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மாத்தளை பஸ்ஸில் ஏறினான். சிங்களக் கொண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "மொகத ஓயி, லமயெக்த?" என்றான், பிள்ளையையா கொண்டு போகிறாய் என்று. பக்கத்துச் சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். ஷியாமும் பேருக்குச் சிரித்துவைத்தான். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் சிரிக்கிற மாதிரித்தான் இருந்தது.

ஸுஹைல் நானாவின் கடை டவுனில் ஒரு மாடிப்படியின் கீழே அடங்கியிருந்தது. நானா கழற்றிய சாமான்களுக்கு நடுவில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. என்ன, ஆளே மெலிஞ்சு போய் ஈக்குது?"

ஷியாம் நடந்ததைச் சொன்னான். கணக்கு மூடியது வரைக்கும்தான் சொன்னான். நானா பெட்டியைக் கழற்றினார். டோர்ச் அடித்து உள்ளே பார்த்தார். பார்த்துக்கொண்டேயிருந்தார். டீயைக் கீழே வைத்தார்.

"இந்த போர்டு, மின்னலுக்கு பொறகு நான் தந்ததுதானே?"

"ஓம் நானா."

"இத போட்ட பொறகுதானே மூடினது?"

"ஓம். அதுக்கு முன்ன ஒரு கரைச்சலும் இல்ல."

நானா தாடியைத் தடவினார். "கோவப்படாம கேளு. இது குருணாகல் பக்கம் இழுத்து மூடின ஒரு கேம் கடையில இருந்து மொத்தமா எடுத்த சாமான். அங்க வார பொடியன்மார் கள்ள சாமான் போட்டுத்தான் விளாடினதாம். ஒவ்வொரு போர்டுக்கும் ஒரு நம்பர் ஈக்குது. கம்பனி அந்த நம்பர குறிச்சு வெச்சிருக்கும். நீ அதே போர்டோட உள்ளுக்கு போனதும், அவன்தான் இவன்னு ஒன்ன புடிச்சிருக்கான்."

ஷியாம் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தான். எத்தனையோ நாள் கழித்து உடம்பு ஒரு இடத்தில் நின்றது. "அப்ப நான் ஒன்னும் செய்யல."

"நீ என்ன செஞ்ச? ஒண்டுமில்ல."

"நிச்சயமா?"

"இதென்ன பேச்சு. ஒன்னத்தானே கேக்கணும் அத."

நானா வேறொரு போர்டை எடுத்துத் துடைத்தார். "இத காசில்லாம மாத்தித் தாறன். புதுசா ஒரு கணக்கு தொறந்துக்க. வேல முடிஞ்சிச்சு."

"புதுக் கணக்குல என் கேம் இருக்காதே நானா."

"அது ஈக்காதுதான்."

"எனக்கு அதுதான் வேணும். இது இன்னொருத்தன் போர்டு, நீங்க வித்ததுன்னு எழுதித் தாங்க. பில்லு இருக்குதானே."

நானா துடைத்துக்கொண்டிருந்த போர்டைக் கீழே வைத்தார். கடைக்கு வெளியே ஒரு பஸ் திரும்ப முடியாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. "நான் கள்ள போர்டு விக்கிறன்னு என்ட கையால எழுதித் தரணுமா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு தலையை ஆட்டினார். "சாமான் நான் வித்தது. பொய்யில்லதானே. எழுதித் தாறன். தேதியோட பில்லும் போட்டா அவன் தொறந்து தரத்தான் வேணும். இதே மாதிரி கம்பளையில ஒரு பொடியனுக்கு தொறந்து குடுத்தான்." மேசையில் பேனையைத் தேடினார். "நீ இதுவரைக்கும் அவனுக்கு ஒண்டும் எழுதல்லதானே?"

ஷியாம் மழைப்படங்கை எடுத்து மடிக்கத் தொடங்கினான்.

"தம்பி?"

"எழுதினேன்."

"என்னான்னு?"

போனை நீட்டினான். நானா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். இன்னொரு தரம் வாசித்தார்.

"செய்யல்லன்னுதானே சொன்ன?"

"செய்யல நானா."

"அப்ப ஏன் செஞ்சன்னு எழுதின?"

"செஞ்சேன்னு எழுதல. மன்னாப்புத்தான் கேட்டேன்."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"எங்க பக்கம் ரெண்டும் வேற," என்றான் ஷியாம்.

நானா போனைத் திருப்பிக் கொடுத்தார். திட்டுவதற்கு வாய் வந்தது, ஆனால் பையனின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். "அனுப்பிப் பாப்பம்," என்றார். பில்லின் பிரதியை எடுத்தார். கடைத் தாளில் இங்கிலீஷில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி, ஷியாமின் போனில் போட்டோ பிடித்து, தானே அனுப்பிவைத்தார். "நல்ல மனுசன் ஒருத்தன்ட கண்ணுல பட்டா போதும்."

புது போர்டோடு பெட்டி மறுபடி படங்குக்குள் போனது. பஸ் எல்கடுவ ஏற்றத்தில் முனகிக்கொண்டு முடக்குகளைத் திரும்பும்போது போன் துடித்தது. இவ்வளவு சீக்கிரமாகவா என்று சந்தோஷப்பட்டான். திறந்தான். ரொஷானி பக்கத்தில் இல்லை. நாலே வரிக்கு அவள் தேவையும் இல்லை. ஒவ்வொரு சொல்லாக, விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தான்.

நீங்கள் அனுப்பிய தகவலுக்கு நன்றி. உங்கள் முந்தைய செய்தியில் விதியை மீறியதை நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ஆகவே இந்த முடிவு மாறாது. இதுபற்றி மேற்கொண்டு பதில் தரப்படாது.

அவனுக்குப் பஸ்ஸுக்குள் இருக்க முடியவில்லை. இறங்க வேண்டிய இடம் இன்னும் தூரம். மணியை அடித்தான். "மெதனத?" என்று கொண்டக்டர் ஆச்சரியப்பட்டான், இங்கேயா என்று. இறங்கினான். பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு, ரோட்டில் போகாமல், தேயிலைக்கு நடுவே செங்குத்துக் குறுக்குப் பாதையில் ஏறினான். பெட்டியின் மூலை காதை அறுத்தது. ஒரு இடத்தில் சறுக்கி முழங்கால் அடிபட்டது. பெட்டியை மட்டும் விடவில்லை. நின்று மூச்சு வாங்கலாம் என்று நினைத்தான். நின்றால் அந்த வரி தலைக்குள் ஓடியது. நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். நடந்தான்.

வீட்டில் விளக்குப் போட்டிருந்தார்கள். மாதா படத்துக்குக் கீழே ரொஷானி பிள்ளைகளுக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தாள். சிறில் மருந்து நாற்றம் போகக் குளித்துவிட்டுத் துவாயோடு இருந்தார். மார்ஜரி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னா சொன்னாங்க?" என்றார் சிறில்.

ஷியாம் பெட்டியை இறக்கிவைத்தான். "நான் ஒத்துக்கிட்டேனாம்."

"எத?"

"களவ."

"எவன்டா சொன்னது? நாம மன்னாப்புத்தானே கேட்டோம்?"

"அதுதான் அவங்களுக்குச் சாட்சி." போர்டின் கதையைச் சொன்னான். ஸுஹைல் நானா எழுதிக் கொடுத்ததைச் சொன்னான். "மொதல்லயே இத எழுதியிருந்தா தொறந்து குடுத்திருப்பாங்க. நீங்க சொன்னீங்கன்னு மன்னாப்பு கேட்டேன். அதோட போச்சு."

சிறில் துவாயை உதறி உதறி மடித்தார். "அப்படி இல்லடா," என்றார் பிறகு. "மொத வாட்டி ஒழுங்கா கேக்கல. இன்னும் கொஞ்சம் தாழ்மையா... வீட்டு நெலமய எடுத்துச் சொல்லி... எனக்கு அன்னைக்கு அந்த துரை..."

"போதும்," என்றாள் மார்ஜரி.

அவள் அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. ரொட்டியைப் புரட்டிப் போட்டாள்.

"கோயில்ல பாவசங்கீர்த்தனத்துல கூட செஞ்ச பாவத்தத்தான் சொல்லச் சொல்றாங்க. செய்யாதத சொல்லுன்னு எந்த சாமியாரும் கேக்கல."

"நீ சும்மா இரு. அன்னைக்கு வேலய திருப்பிக் குடுத்தாங்களா இல்லயா?"

"குடுத்தாங்க." மார்ஜரி ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டாள். "அதுக்குப் பொறகு தோட்டத்துல எது காணாமப் போனாலும் வாச்சர் மொதல்ல எந்தக் கதவத் தட்டினான்? மம்பட்டி காணோம்னாலும் இங்கதான். பெக்டரி வயரு காணோம்னாலும் இங்கதான். புள்ளைங்கள எழுப்பி பாயத் தூக்கிப் பாத்தாங்க. நீங்க கதைய கல்யாண வீட்டுல சொல்லுவீங்க. நான் கேட்டுக்கிட்டு இருப்பேன்."

ரொஷானியின் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. வாச்சர் வந்து பாயைத் தூக்கியது ஷியாமுக்கும் ஞாபகம் இருந்தது. எல்லா வீட்டிலும் அப்படித்தான் செய்வார்கள் என்று அன்றைக்கு நினைத்திருந்தான்.

சிறில் எழுந்து வெளியே போனார். பீலியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. குளித்த மனிதர் மறுபடி முகம் கழுவுகிறார். ஷியாம் வாசலுக்கும் பெட்டிக்குமாக நடந்தான். யாரும் ரொட்டியைத் தொடவில்லை.

சிறில் திரும்பி வந்தார். முகத்திலிருந்து தண்ணீர் சொட்டியது, துடைக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டு ரொஷானிக்கு எதிரில் உட்கார்ந்தார்.

"எழுது."

"இனி பதில் போட மாட்டாங்கப்பா."

"போடாட்டி போவட்டும். எழுது. நான் செய்யல."

ரொஷானி அண்ணனைப் பார்த்தாள். ஷியாம் நடப்பதை நிறுத்திப் போனைக் கொடுத்தான். அவள் அடித்தாள்.

"மன்னாப்பு கேட்டது எங்கப்பா சொல்லி."

"அது வேணாம்பா," என்றான் ஷியாம்.

"நீ பேசாத. எழுது புள்ள. சொன்ன ஆள் பேரு சிறில்னும் போடு. எல்லாத்துக்கும் மன்னாப்பு கேட்டு கேட்டு பழகின ஆள்னு போடு. மகன் களவு எடுக்கலன்னு போடு." அவருக்கு மூச்சு வாங்கியது. "வேற என்னா?"

"அவ்வளவுதான்பா."

"அந்த நானா எழுதினதயும் சேர்த்து அனுப்பு."

ஷியாம் அனுப்பு என்ற இடத்தில் அழுத்தினான். மார்ஜரி அதற்குள் தட்டைக் கொண்டுவந்து நடுவில் வைத்தாள். சிறில் ஒரு ரொட்டியைப் பிய்த்தார். வாயில் போடுவதற்கு முன் போன் துடித்தது.

"அதுக்குள்ள படிச்சிட்டாங்களா?"

ரொஷானி பார்த்தாள். "யாரும் படிக்கல. அது மெஷின் அனுப்புறது. கேஸ் முடிஞ்சுதாம். இந்த விலாசத்துக்கு இனி எழுத வேணாமாம்."

ஷியாமுக்குத் தெரிந்துவிட்டது. பனி கொட்டுகிற நாட்டிலிருந்து வெயில் காய்கிற நாட்டுக்குப் போகிற அந்த லொறிகளை இனி அவன் பார்க்கப்போவதில்லை. வாங்கியது, வாங்கியது என்று அவன் சொல்லிக்கொண்டிருந்தது முழுவதும் யாரோ ஒருவன் கையில் இருந்த சாவி. ஆனால் ஒன்று இருந்தது, கொஞ்சம் முன்னால் வரைக்கும் அவனிடம் இல்லாதது. ஜெயக்காந்தன் இப்போது வந்து, நிச்சயமா என்று கேட்டால் அவன் வாய் தடுமாறாது.

"வேற விலாசம் இருக்கா அந்தக் கம்பனிக்கு?" என்றார் சிறில், ரொட்டியை மென்றுகொண்டே.

"இருக்கும். தேடணும்."

"தேடு. எத்தன இருக்கோ அத்தனைக்கும் போடு."

"யாரும் படிக்க மாட்டாங்கப்பா," என்றான் ஷியாம்.

"அத நான் கேட்டேனா?"

ஷியாம் தங்கச்சியின் கையிலிருந்து போனை வாங்கினான். நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாசல்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்துகளைத் தேடித் தேடி, இந்தத் தரம் அவனே அடிக்க ஆரம்பித்தான்.